மூணு கை உப்பு

முதல் கை உப்பைப் போட்டது சரோஜாக்கா. என் ரெண்டு கண்ணால் பார்த்தேன்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை. கே.ஜி.கண்டிகையில் என் மனைவி கஸ்தூரியின் பிறந்த வீடு. சமையல்கட்டு வாசலில் மணை போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பெரிய குண்டான் நிறைய மொச்சைக்கொட்டையும் கத்திரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு. கஸ்தூரியின் அண்ணன் மனைவியான சரோஜாக்கா உப்பு ஜாடியைத் திறந்தார். கல் உப்பை ஒரு கை அள்ளிப் போட்டார். கலக்கினார். மாட்டுக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டார்.

அவர் முந்தானை மறைந்ததும் பவானி வந்தாள். இவள் கஸ்தூரியின் தம்பி மனைவி. மூடியைத் திறந்து ஆவியில் முகத்தைக் காட்டினாள். என்ன தோன்றியதோ, ஜாடியை இழுத்தாள். ஒரு கை. கலக்கினாள். அவளும் போய்விட்டாள்.

எனக்குத் துருவுகிற கை நின்றுபோனது. கருவாட்டில் ஏற்கெனவே இருக்கிற உப்பு வேறு தனி.

வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. போன வாரம் இந்தப் பத்தியில் கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுத்த கதையை எழுதினேன் அல்லவா, அதைப் படித்துவிட்டுக் கஸ்தூரியும் இதைத்தான் கேட்டாள். "பத்திரிகையில இவ்ளோ பேசறீங்க, வூட்டுல மட்டும் வாயில கொழுக்கட்டையா?" அன்றைக்கு என் வாயில் இருந்தது கொழுக்கட்டையேதான். சொன்னால் ஒரு குடும்பம் ரெண்டாகிவிடும்.

நாக்குக்குத் தடை

எங்கள் பக்கத்தில் படையல் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி. சிலர் போகிக்குப் போடுவார்கள். சிலர் தீபாவளிக்கு. கஸ்தூரி வீட்டில் மாட்டுப் பொங்கலுக்கு. செத்துப்போன பெரியவர்களுக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் சமைத்து இலையில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று.

அதுவரைக்கும் ஒரு பருக்கை யார் வாயிலும் படக்கூடாது. உப்பு பார்க்கிறேன் என்று நாக்கில் ஒரு சொட்டு விட்டாலும் எச்சில். எச்சிலைத் தூக்கிப் பெரியவர்களுக்கு வைப்பார்களா?

நானோ திருத்தணி டவுன்காரன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை, மலையடிவாரத்தில் வீடு. ஆடிக் கிருத்திகை வந்தால் எங்கள் வீடு வீடாக இருக்காது, சத்திரமாகிவிடும். காவடி எடுக்கிறவர் பட்டினி, சரி. கூட வருகிறவர்களுக்கு என்ன கேடு? "மணவூர் மாமாவோட சகலைக்குத் தம்பிங்க நானு" என்று சொல்லிக்கொண்டு பெட்டியோடு வந்து நிற்பார்கள். அம்மா சாம்பாரைக் கொதிக்கவிட்டால் உப்பு பார்க்க வரிசை நிற்கும். என் அப்பா ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று ஒரு ஆள் சாப்பாட்டை அடுப்பங்கரையிலேயே முடித்துவிட்டு, இலை போட்டதும் ஒன்றும் தெரியாதவர்போல வந்து உட்காருவார்.

அந்த வம்சத்தில் வந்த என்னைத்தான் இந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள்.

நான் தின்ற வடை

கல்யாணமாகி முதல் பொங்கல். புது மாப்பிள்ளை, புது வேட்டி. தட்டில் மெதுவடை குவிந்து கிடந்தது. வீட்டில் யாருமே கை வைக்காமல் நடமாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, ஐயோ பாவம், இவர்களுக்கு வடை பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தேன். பாதி உள்ளே போனபோது திரும்பிப் பார்த்தால் மாமியார் நிற்கிறார்.

அத்தை தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கொட்டினார். வந்து, புதுசாக உளுந்தை ஊறவைத்தார்.

கஸ்தூரியின் அண்ணன் முனிரத்தினத்துக்குப் பசி தாங்காது. "ஏம்மா, மாப்ள வேற வூட்டு மனுஷந்தானே? அவரு துன்னா நமக்கு இன்னா? எச்சில் கணக்குல வராதும்மா" என்று சட்டம் பேசினார்.

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார். "யாருடா வேற வூடு? பொண்ணைக் குட்த்துட்டேன், இனிமே இவரும் நம்ம வூடுதான். நம்ம வூட்டு ஆளு துன்னா எச்சில்தான்."

உளுந்து ஊறி, அரைத்து, வடை சுட்டுப் படைப்பதற்குள் பொழுது சாயப் பார்த்தது. அத்தனை பேரும் பசியில் என்னை முறைத்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் ஏக குஷி. ஒருத்தர் கோபத்தில் என்னை வீட்டு ஆளாக்கிவிட்டார். அத்தையை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

அத்தைக்கு உப்பு பார்க்க நாக்கு வேண்டாம். கொதிக்கிற ஆவியை முகர்ந்து பார்த்து "இன்னும் ரவ ஓணும்" என்பார். இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டுமாம். ஊரே அதைச் சொல்லும். கடைசியில் ரத்தக்கொதிப்பு வந்து டாக்டர் அவருக்கு உப்பைக் குறைத்த பிறகும் படையல் குழம்பை மட்டும் யாரையும் தொடவிடவில்லை.

படையல் சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டில் தண்ணீர்க் குடம் காலியாகிற வேகம் இருக்கிறதே! தை மாசக் குளிரில் ஆளுக்கு மூணு சொம்பு குடிப்பார்கள். கருவாடு தின்றால் தாகம் எடுக்கத்தான் செய்யும் என்று நானும் சொல்லிக்கொண்டு குடிப்பேன்.

காருக்குள் இருந்த போட்டோ

அத்தை போய்விட்டார். அந்த வருஷம் அந்த வீட்டில் பண்டிகை கிடையாது. அடுத்த வருஷம் வந்த பொங்கலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அத்தைக்கு அதுதான் முதல் படையல்.

பவானியின் புருஷன், என் சின்ன மச்சான் தாமோதரன் கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாகக் கடையும் மேலே வீடும் கட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று காலை காரை விட்டு இறங்கியதும் "பாவா, வாங்க" என்று அக்கா புருஷனான என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், காரின் பின்கதவைத் திறந்தான். செய்தித்தாளில் சுற்றிய பெரிய போட்டோ ஒன்று. பிரித்தால் அத்தை. கூடத்தில் மாட்டியிருக்கிற அதே படம், அதே புடவை. ஃபிரேம் மட்டும் புதுசு.

"இன்னாத்துக்குடா இன்னொண்ணு?"

"பாவா, வர்ற வருஷத்துலேர்ந்து நாங்க எங்க வூட்லயே கும்புட்டுக்கலாம்னு பாக்கறோம். அண்ணிக்கும் பவானிக்கும் அடுப்பாண்ட ஆவல. அண்ணன்கிட்ட நீங்கதான் பதமா சொல்லணும்."

விஷயம் இதுதான். அத்தையின் கைப்பக்குவம் தனக்குத்தான் வந்திருக்கிறது என்று சரோஜாக்காவுக்கு எண்ணம். மூத்த மருமகள் ஆயிற்றே. கடைசிக் காலத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தவள் நான், அதனால் எனக்குத்தான் என்பது பவானியின் கட்சி. இருவரும் சண்டை போட்டுக் கத்துகிற ரகம் இல்லை. கத்தினால்கூடத் தேவலை. ஒருத்தர் மூடிய மூடியை இன்னொருத்தர் திறந்து மறுபடி மூடுவார்.

அதனால்தான் "உப்பு போட்டாச்சா?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அடுப்பு அவளுடையது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்!

தாமோதரன் சொன்னதைக் காருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கஸ்தூரியும் கேட்டுவிட்டாள். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் என்னிடம் வந்தாள்.

"அவனுங்க ஆளுக்கு ஒரு பக்கம் கும்புட்டுக்குவானுங்க, சரி. நான் எந்த வூட்டுக்குங்க போறது? எங்கம்மா எந்த வூட்டுக்கு வந்து துன்னும்?"

அவள் அழவில்லை. நிஜமாகவே விவரம் தெரியாமல் கேட்பதுபோலத்தான் கேட்டாள். வருஷத்தில் அந்த ஒரு நாளைக்காக மார்கழியிலேயே புடவை எடுத்து வைத்துவிடுகிறவள் அவள். அந்த ஒரு நாள் போனால் அவளுக்குப் பிறந்த வீடே போன மாதிரிதான்.

மூன்றாவது கை

இப்போது சமையல்கட்டு வாசலுக்குத் திரும்புவோம். ரெண்டு கை உப்பு குழம்பில் கரைந்துகொண்டிருக்கிறது. நான் சொன்னால், நீ ஏன் போட்டாய், நான் ஏன் போட்டேன் என்று அங்கேயே அடுப்பு ரெண்டாகும். சொல்லாவிட்டால் இலையில் உட்கார்ந்ததும் அதே சண்டை வரும். எப்படிப் பார்த்தாலும் அத்தை போட்டோ கனகம்மாசத்திரத்துக்குப் போவது நிச்சயம்.

கஸ்தூரியைக் கண்ஜாடை காட்டிக் கூப்பிட்டேன்.

"கொழம்புல ரெண்டு பேரும் உப்பு போட்டுட்டாங்க."

"யாரு ரெண்டு பேரு?"

"உங்க அண்ணி ஒரு கை. பவானி ஒரு கை."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "ஐயையோ!"

"இன்னா ஐயையோ?"

"நானும் ஒரு கை போட்டேங்க. தேங்கா ஓட்டைப் போட வெளிய போனீங்களே, அப்போ. மொச்சை நல்லா வெந்தப்புறந்தான் எங்கம்மா உப்பு போடும். இதுங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுதுன்னு..."

தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆக, மூணு கை.

"நீங்க ஒரு சொட்டு நாக்குல வுட்டுப் பாருங்க" என்றாள். "எவ்ளோ கரிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் வெந்நீராவது ஊத்தலாம்."

"எச்சில் ஆயிடுமே."

"நீங்க வேற வூட்டு ஆளுதானே. ஒண்ணும் ஆவாது."

"உங்கம்மா அப்படிச் சொல்லலியே."

"பெருமை பேசற நேரமாங்க இது?"

கரண்டியில் ஒரு சொட்டு எடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். மலையாகக் குவிந்த வடையும், அதைத் தொட்டியில் கொட்டிய கையும் ஞாபகத்துக்கு வந்தன. முடியவில்லை. எத்தனையோ வருஷமாக நான் கட்டிக் காத்துவந்த வீட்டு ஆள் பதவி. ஒரு சொட்டுக் குழம்புக்காக அதை விடுவேனா? கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று எங்கேயோ கேட்டது நல்ல நேரத்தில் நினைவு வந்தது. நல்ல நேரம் என்று அப்போது நினைத்தேன். பவானி பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுக்க வாங்கி வந்திருந்த பையிலிருந்து நாலைந்தை எடுத்துக் கழுவி, தோலோடு குழம்பில் நழுவவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிடலாம் என்பது திட்டம். எடுக்கப் போனால், சரோஜாக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்து வடை தட்ட ஆரம்பித்துவிட்டார். அப்புறம் அவர் நகரவே இல்லை.

காக்கா குடித்த தண்ணீர்

கூடத்தில் அத்தைக்கு ஒரு இலை, எப்போதோ போய்விட்ட மாமனாருக்கு ஒரு இலை. புதுப்புடவை, வேட்டி, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்தாயிற்று. மூத்த மகன் என்பதால் முனிரத்தினம் மச்சான்தான் பரிமாறினார். குழம்புக் கரண்டியை அத்தை இலையில் சாய்த்தார். மொச்சை விழுந்தது. கத்திரிக்காய் விழுந்தது. கருவாடு விழுந்தது. அப்புறம் பொத்தென்று ஒரு முழு உருளைக்கிழங்கு விழுந்தது.

எல்லோரும் அதையே பார்த்தோம். வாயு என்று சொல்லி உருளைக்கிழங்கை வாசல்படி ஏறவிடாதவர் அத்தை.

"கருவாட்டுல உருளைக்கெழங்கா? இது எந்த ஊரு பழக்கம்?" என்று சரோஜாக்கா பவானியைப் பார்த்தார்.

"என்னை ஏங்க்கா பாக்கறீங்க? சத்தியமா நான் போடல!"

"நான்தான் போட்டேன்" என்றேன். "யூடியூபுல காட்னாங்க. நல்லா இருக்கும்னு..."

முனிரத்தினம் மச்சான் உருளைக்கிழங்கை எடுத்து ஓரமாக வைத்தார். "மாப்ள, நீங்க மோட்டாரோட நிறுத்திக்குங்க" என்றார். சபையில் இப்படி ஒரு மானக்கேடு. ஆனாலும் பவானி என்னை நன்றியோடு பார்த்தாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கற்பூரம் காட்டி, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். அப்போது யாரும் பேசமாட்டார்கள். கஸ்தூரி சாத்திய கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்தக் கதவுக்குப் பின்னால் அம்மா சாப்பிடுவது இதுதான் கடைசி என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்து, காக்காவுக்குச் சோறு வைத்தோம். வைத்த உடனே ஒன்று வந்தது. "அம்மா வந்துட்டாங்க, அம்மா வந்துட்டாங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காக்கா குழம்புச் சோற்றில் ஒரு வாய் கொத்தியது. தலையைச் சாய்த்து யோசித்தது. நேரே மாட்டுத் தொட்டிக்குப் பறந்துபோய்த் தண்ணீர் குடித்தது.

நான் ஒருவன்தான் அதைப் பார்த்தேன்.

மச்சான் வைத்த முதல் வாய்

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். முதல் வாய் மூத்தவர் வைக்க வேண்டும். முனிரத்தினம் மச்சான் குழம்பைப் பிசைந்து வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார்.

அவரைப் பார்த்துத் தாமோதரனும் ஒரு வாய் வைத்தான். அவன் கை தானாகச் சொம்பைத் தேடிப் போனது. நானும் சாப்பிட்டேன். கடல் தண்ணீரை மொண்டு வந்து அதில் மொச்சையை வேகவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் போட்ட உருளைக்கிழங்கு ஒரு கல் உப்பைக்கூட இழுக்கவில்லை.

"யாரு கொழம்புக்கு உப்பு போட்டது?" என்றார் மச்சான்.

சரோஜாக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நான்தாங்க போட்டேன்."

பவானி தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் போட்டேன் மாமா."

"நானும் போட்டேண்ணா" என்றாள் கஸ்தூரி. அவள் குரல் அந்த இடத்தில் உடைந்தது.

மச்சான் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாமோதரன் எழுந்து ஓடத் தயாராக இருந்தான். நானும்தான்.

"மூணு பேரு போட்டாத்தான் வருது" என்றார் மச்சான். "எங்கம்மா ஒருத்தியே இவ்ளோ போடும்."

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தாமோதரனுக்குத்தான் முதலில் உறைத்தது. "ஆங், ண்ணா! அதான் பாத்தேன்! இது அம்மா கொழம்புண்ணா!" என்று தொடையில் தட்டினான். "கடைசில கொஞ்ச வருஷமா இப்புடியேதான் இருந்துச்சு. எனக்குத்தான் நாக்கு செத்துப்போச்சுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"டேய், நான் துன்னுட்டு நேரா நெலத்துக்குப் போயி, பம்புசெட்டுல வாயை வெச்சிக் குடிப்பேண்டா!"

"சொல்லவே இல்லியே நீ!"

"யாரு போயி அதுங்கிட்ட சொல்றது? சொன்னா கரண்டியக் கீழ வெச்சிடுமேடா."

அத்தைக்கு மாத்திரை தின்று தின்று வாசனையும் போய், ருசியும் போய்விட்டிருந்தது. டாக்டர் தனக்குக் குறைத்த உப்பை எல்லாம் அவர் எங்கள் குழம்பில் போட்டுவந்திருக்கிறார். ஆவியை முகர்ந்து "இன்னும் ரவ ஓணும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு, குடத்தில் குடித்தது போதாமல் தனித்தனியாக ஒளிந்தும் தண்ணீர் குடித்திருக்கிறோம். சரோஜாக்கா கொல்லைப்பக்கம். பவானி குளியலறையில். மாமியாரின் கைப்பக்குவம் எனக்கு, உனக்கு என்று அடித்துக்கொண்ட ரெண்டு பேருக்குமே அந்தப் பக்குவம் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது!

பவானிதான் முதலில் சிரித்தாள். சரோஜாக்கா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. பவானியின் தோளில் சாய்ந்துகொண்டு குலுங்கினார். மச்சான் சிரித்துக்கொண்டே இருந்தவர், இடது கையால் கண்ணைத் துடைத்தார்.

"வந்து துன்னுட்டுப் போயிருக்குதுடா அம்மா" என்றார். "சரோஜா, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கஸ்தூரி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே குழம்பைப் பிசைந்து சாப்பிட்டாள். ஒரு மொச்சைகூட மிச்சம் வைக்கவில்லை. குடத்துத் தண்ணீர் தீர்ந்து, பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு குடம் வந்தது.

ஒரு கை போதாது

சாயங்காலம் கிளம்பும்போது தாமோதரன் காரின் பின்கதவைத் திறந்து, அந்தப் போட்டோவை எடுத்து என் கையில் கொடுத்தான்.

"பாவா, இத்த உங்க வூட்டுல மாட்டிக்குங்க."

"அண்ணன்கிட்ட பதமா சொல்லச் சொன்னியேடா?"

"இன்னாத்தச் சொல்றது?" என்றான். "அங்க பவானி ஒருத்திதான இருக்கா. ஒரு கையில அந்தக் கொழம்பு வராது பாவா."

போட்டோ இப்போது எங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. நான் வடையை எடுக்கும்போதெல்லாம் அத்தை பார்க்கிறார்.

இந்தப் பொங்கலுக்கும் கே.ஜி.கண்டிகைக்குப் போனோம். வழக்கம்போல நான் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். சரோஜாக்கா வந்தார், ஒரு கை போட்டார், "பவானி, நீ வா" என்று குரல் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பவானி ஒரு கை போட்டாள். "அக்கா, உங்க கை" என்று ஜாடியைக் கஸ்தூரியிடம் நீட்டினாள். கஸ்தூரி மொச்சை வெந்துவிட்டதா என்று நசுக்கிப் பார்த்துவிட்டு, நிதானமாக ஒரு கை போட்டாள்.

நான் துருவியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் கேன்காரனுக்குப் போன் போட்டேன்.